அழைத்தவர் யார்?

தமிழ் மன்ற நண்பர்களே, கட்டுரை கேட்டீர்கள். கதை புனையும் கை எனக்கில்லை. இந்த வடநாட்டுக் குளிரில் மூன்று இரவுகள் என்னைத் தூங்கவிடாத ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நிறமாலைக் கணக்குப் போடுவது ஒரு பெர்ல் நிரல். எனக்கு முன் இங்கே படித்த மதுரை அண்ணன் ஒருவர் எழுதி வைத்துப் போனது. 48 மாதிரிகளின் சராசரி என்று கருத்தரங்கில் அறிவித்துக் கைதட்டலும் வாங்கினேன். பிறகு படம் வரையும்போது புள்ளிகளை எண்ணினேன். 31! மற்ற 17 எங்கே? நிரல் முணுமுணுக்கக்கூட இல்லை. அன்றிரவே அண்ணனுக்குச் சூடாக ஒரு கடிதம் அனுப்பினேன்.

வரிக்கு வரி அச்சிடச் சொல்லிப் பார்த்தேன். திரை நிறைந்தது, தெளிவு பிறக்கவில்லை.

சப்ரூட்டீன் என்பது நாம் வேலைக்கு அனுப்பும் ஆள். வேலை முடிந்ததும் புறப்பட்ட இடத்துக்கே அவன் திரும்ப வேண்டும். கேம்பிரிட்ஜின் எட்சாக் கணிப்பொறியில் டேவிட் வீலர் அதற்கு வழி கண்டார். வில்க்ஸ், கில் இருவருடன் அவர் எழுதிய நூல் 1951-இல் வந்தது. திரும்ப வேண்டிய விலாசங்களை வரிசையாகப் படித்தால் யார் யாரை அழைத்தார் என்பது விளங்கிவிடும். பெர்லின் பிழைதிருத்தியில் அதற்கு ஓர் எழுத்துக் கட்டளையே உண்டு. கடைசியில் அழைக்கப்பட்டவர் முதலில் வருவார்.

ஐயத்துக்குரிய வரியில் நிரலை நிறுத்தி அதைத் தட்டினேன். மூன்று பெயர்கள் வந்தன. கீழே முதன்மை நிரல், நடுவே திருத்தம் செய்யும் பகுதி, உச்சியில் அளவுத்திருத்தக் கோப்பைப் படிக்கும் பகுதி.

பெர்லில் பெயர் சொல்லாவிட்டால் எல்லாம் 'அது'தான். முதன்மை நிரல் மாதிரியின் பெயரை 'அது' என்று பிடித்திருக்க, உச்சியிலிருந்தவனும் கோப்பின் ஒவ்வொரு வரியையும் அதே 'அது'வில் போட்டுப் படித்தான். கோப்பு தீர்ந்தபோது 'அது' வெறுமையாயிற்று. பட்டியலில் இருந்த பெயரும் அதனோடு போயிற்று. தனிக் கோப்புள்ள மாதிரிகள் சரியாக 17.

வரிக்குத் தனிப்பெயர் கொடுத்தேன், 48-உம் வந்தன. சராசரி மாறியது. மறுநாளே பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்த உச்சிப் பகுதி அண்ணன் எழுதியதன்று. சென்ற ஆண்டு நான் சேர்த்தது. அவருக்கு இன்னும் எழுதவில்லை. பேராசிரியரிடம் சொல்வது எளிதாயிருந்தது.