திண்டுக்கல் உச்சியில ஒரு பழைய மோதல்

மாசி மாசம் திண்டுக்கல் பக்கம் வர்றீங்களா? பூட்டு, பிரியாணி பில்டப் எல்லாம் வேண்டாம், அது உங்களுக்கே தெரியும். சாயங்காலம் முதல்ல மலைக்கோட்டை ஏறிடுங்க. கிழக்கே சிறுமலை, மேற்கே பழநி மலைத்தொடர், நடுவுல விரிச்சுப் போட்ட மாதிரி சமவெளி. இருட்டுறதுக்குள்ள இறக்கி விட்டுடுவாங்க. கதவைப் பூட்டணும்ல... பூட்டு ஊராச்சே!

அடிவாரத்துல கோட்டை மாரியம்மன் கோயில், மாசித் திருவிழா. திருவிழான்னா குடை ராட்டினம் ஞாபகம் வரும்தானே? இப்போ ஒரு கற்பனை. சுத்திக்கிட்டிருக்கிற ஒரு ராட்டினத்தை இன்னொரு ராட்டினம் சுத்திக்கிட்டே உரசிப் போகுது. யாருக்கு ஆபத்து? வெளி வட்டத்துல உட்கார்ந்தவங்களுக்குத்தான்!

வானத்துல இது நிஜமாவே நடக்குது. நட்சத்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாத்தான் பிறக்கும். பிறந்த குழந்தையைச் சுத்தி வாயுவும் தூசியுமா ஒரு தட்டு சுழலும். கிரகங்கள் உருவாகிறது அந்தச் சரக்கிலிருந்துதான். ரெண்டு குழந்தைகள் கிட்டத்துல கடந்தா, தட்டுங்க தொடவே வேண்டாம், ஈர்ப்பு விசையே போதும். நம்ம கடல்ல நிலா செய்ற வேலை மாதிரி, தட்டு ரெண்டு பக்கமும் நீளும். வெளி விளிம்பு பிய்ந்து வால் மாதிரி பறக்கும். கொஞ்சம் சரக்கு கட்சி மாறி அடுத்த நட்சத்திரத்துக்குப் போயிடும். மிச்சத் தட்டு சுருங்கிடும். கிரகம் கட்ட சிமென்ட் குறைஞ்சா வீடு எப்படி இருக்கும்?

சரி, பார்க்கலாம் வாங்க. ஊர் வெளிச்சத்தை விட்டு செம்பட்டி ரோட்டுல ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடி போதும். ராத்திரி ஏழு, ஏழரைக்கு அண்ணாந்து பாருங்க. சிவப்பா மினுக்கிறது திருவாதிரை. அதுக்கு வடமேற்கே, மங்கலா சின்ன முக்கோணம், மிருகசீரிடம். ரெண்டுக்கும் சரிபாதியில, கிட்டத்தட்ட உங்க தலைக்கு நேர் மேலே, எஃப்.யூ. ஓரியானிஸ். வெறும் கண்ணுக்குத் தெரியாது, சின்ன டெலஸ்கோப் வேணும்.

1936-37ல இந்த நட்சத்திரம் சில மாசத்துக்குள்ள நூறு மடங்குக்கும் மேல பிரகாசமாச்சு. அப்புறம் அணையும்னு பார்த்தா, அணையலை. பின்னாடிதான் தெரிஞ்சுது, பக்கத்துலயே ஒரு துணை நட்சத்திரம் இருக்குன்னு. அது தன் தட்டோட இதன் தட்டுக்குள்ள புகுந்திருக்கும், கலங்கின வாயு மொத்தமா நட்சத்திரத்து மேல கொட்டியிருக்கும்னு 2022ல வந்த கணினி மாதிரிகள் சொல்லுது. வேற விளக்கங்களும் உண்டு. எனக்கென்னவோ இந்த மோதல் கதைதான் பிடிச்சிருக்கு. தூரம் சுமார் 1,300 ஒளியாண்டு. அதாவது அந்த வெளிச்சம் கிளம்பினப்போ இங்கே பல்லவர் காலம்!

இன்னும் வடக்கே, ரோகிணியையும் தாண்டி, ஆர்.டபிள்யூ. ஆரிகே. இதுல சாட்சி இன்னும் பலம். பிய்ந்து போன வாலையே 2006ல படம் பிடிச்சுட்டாங்க. நீளம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல சுமார் 600 மடங்கு. ஒரு உரசல் முடிய நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான வருஷங்கள்கூட ஆகும். நமக்குக் கிடைக்கிறது ஒரே ஒரு ஸ்டில்தான். அதை வெச்சு யாரு, எந்தப் பக்கமா போனாங்கன்னு கண்டுபிடிக்கணும்.

நம்ம சூரியனையும் யாரோ உரசியிருக்கலாம், தெரியுமா? இதே மாவட்டத்துல கொடைக்கானல்ல 1899லிருந்து இருக்கிற ஆய்வகம் சூரியனைத்தான் பார்த்துக்கிட்டிருக்கு. ஆனா இந்தக் கேஸுக்குத் தடயம் சூரியன்ல இல்லை, நெப்டியூனுக்கு அந்தப் பக்கம். 2003ல கண்டுபிடிச்ச செட்னா ஒரு சுத்து வர பதினோராயிரம் வருஷத்துக்கு மேல ஆகுது. அவ்வளவு நீண்ட, கோணல் பாதைக்கு அதை யாரு இழுத்துவிட்டது? சூரியன் குழந்தையா இருந்தப்போ பக்கத்துல போன ஒரு நட்சத்திரமா இருக்கலாம்னு ஒரு கட்சி. இன்னும் சிக்காத கிரகம்னு இன்னொரு கட்சி. சண்டை ஓயலை.

டெலஸ்கோப் இருக்கிற மாப்ளையைக் கையோட கூட்டிட்டு வாங்க. அமாவாசையை ஒட்டி வந்தா நல்லது. கழுத்து வலிக்கும், பாயும் ரெண்டு தலையணையும் மறக்காதீங்க.