58-ல் விழுந்து 52-ல் எழுந்தேன்!

சட்டை என்றால் 40. செருப்பு என்றால் 8. பனியனுக்குக்கூட 85, 90 என்று கணக்கு இருக்கிறது. சைக்கிளுக்கும் சைஸ் உண்டு என்பது முப்பத்தைந்து வயது வரை அடியேனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கட்டிய ஃபீஸ், மரத்துப்போன இரண்டு விரல்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் மாமல்லபுரம், மற்ற நாளில் காய்கறி மார்க்கெட். இரண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரு ரோடு சைக்கிள் தேடினேன். தெரிந்தவர் ஒருவர், தன் பழசைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். வளைந்த ஹேண்டில்பார், பளபள நீலம். ஃபிரேமில் '58' என்று ஒரு ஸ்டிக்கர். மாடல் நம்பர் என்று நினைத்துக்கொண்டேன். அது சென்டிமீட்டர் சார்!

நான் 5 அடி 6 அங்குலம். சீட்டைக் கடைசிவரை இறக்கியதும் கால் எப்படியோ எட்டிவிட்டது. ஹேண்டில்பார்தான் அடுத்த தெருவில் இருந்தது! எட்டிப் பிடித்தால் உடம்பு பாரம் பூராவும் உள்ளங்கையில். இரண்டே வாரத்தில் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துவிட்டன. காபி டம்ளர் நழுவியது, பேனா நழுவியது. எழுதிப் பிழைக்கிறவனுக்கு விரல் போனால் என்ன மிச்சம்? பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன்.

"உள்ளங்கைல போற நரம்பு அமுங்குது. மாத்திரையை விடுங்க... சைக்கிளை மாத்துங்க!" என்றார்.

கியர் வேறு படுத்தியது. ஃபிரேமின் சாய்வுக் குழாயில் இரண்டு குட்டி லீவர்கள். மாற்ற வேண்டுமானால் ஒரு கையை எடுத்துவிட்டுக் குனிய வேண்டும். ஒருநாள் அப்படிக் குனிந்து நிமிர்வதற்குள், முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நின்றுவிட்டது. ஒற்றைக் கை பிரேக்கில் நான் நின்ற இடம், ஆட்டோவில் இருந்த ஒரு பாட்டியின் முருங்கைக்காய்க் கட்டுக்கு அரை அடி முன்னால். "ஏறுறியாப்பா?" என்றார் பாட்டி.

நஷ்டத்துக்கு விற்றேன். இந்த முறை அளந்துதான் வாங்குவது என்று சபதம்.

வழி சுலபம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். தடிமனான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காருவது போல அழுத்தி வையுங்கள். புத்தகத்தின் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். நான் வைத்தது பி.காம். கணக்குப் பதிவியல். அந்தப் புத்தகம் எனக்குப் பயன்பட்ட முதல் சந்தர்ப்பம்!

அப்பா டேப் பிடித்தார். 78 சென்டிமீட்டர். அதை 0.67-ஆல் பெருக்கினால் 52. நான் ஓட்டியது 58!

"எனக்கும் அளடா" என்றார் அப்பா. 76. பெருக்கினால் 51. அவர் ஆபீசுக்கு மிதித்ததோ 24 இஞ்ச் ஃபிரேம். அதாவது 61!

"அதான் சிக்னல்ல பிளாட்பாரமாப் பார்த்து ஒதுங்குவீங்களாப்பா?"

"பின்னே? கால் எட்டாதே. 22, இல்லேன்னா 24. கடைக்காரர் 24தான் நின்னு உழைக்கும்னார். உழைச்சுது. எனக்குத்தான் இடுப்பு போச்சு."

முப்பது வருஷம். ஒருநாளும் சொன்னதில்லை.

இந்த 0.67 ஆரம்பக் கணக்குதான். இப்போது மேல்குழாயைச் சரிவாக வைக்கிறார்கள். நம்பரை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது. ஏறி உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடிக்கையில் முழங்கை லேசாக மடங்குகிறதா என்று பாருங்கள். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம். மேல்குழாயை வெட்டவா முடியும்?

அடுத்தது ஷிஃப்டர். சாய்வுக் குழாய் லீவர் எளிமை, மலிவு. ஆனால் முருங்கைக்காய் அபாயம் உண்டு. ஹேண்டில்பார் நுனியில் வைக்கிற லீவர் இன்னொரு வகை. அதில் சிலவற்றை 'கிளிக்' இல்லாமலும் ஓட்டலாம், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பது போல. கியர் அட்ஜஸ்ட்மென்ட் கெட்டாலும் வீடு வந்து சேரலாம். மூன்றாவது, பிரேக்கும் கியரும் ஒரே கைப்பிடியில். 1990-ல் ஷிமானோ கொண்டுவந்தது. விலை கூடுதல், உடைந்தால் ரிப்பேர் கஷ்டம். ஆனால் கை பிரேக்கை விட்டு நகரவே வேண்டாம். வெட்டவெளியில் நெடும்பயணம் போகிறவர் இரண்டாவதை வாங்கலாம். ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் போகிற ஜாதி நான். மூன்றாவதே கதி!

52 சைஸ், சரிந்த மேல்குழாய், 32 மில்லிமீட்டர் டயர், கேரியரும் மட்கார்டும் மாட்டத் துளைகள். விரல்களுக்கு மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பியது. அதற்குச் சாட்சி இந்தக் கட்டுரை.

போன வாரம் விடிகாலை, சைக்கிளைக் காணோம். பதறிப்போய் வாசலுக்கு ஓடினேன். தெருக்கோடியில் 'கிளிக்... கிளிக்...' சத்தம். ஹேண்டில்பாரில் பால் பாக்கெட் ஆட, எழுபத்தொரு வயது அப்பா! கேட் அருகே பிரேக் பிடித்தார். பிளாட்பாரத்தைத் தேடவில்லை. சீட்டிலிருந்து முன்னால் இறங்கி, நடுவில் சைக்கிளோடு நிமிர்ந்து நின்றார்.

"ரெண்டு காலும் தரைல படுதுடா!"

அன்றிலிருந்து பால் வாங்குவது அவர் பொறுப்பு. மார்க்கெட்டுக்கு நான் நடந்து போகிறேன்.