ரோஜா இலை கொட்டினால் முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள்



மார்கழிப் பனி தொடங்கியதும் ஓசூர்ப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், நேற்றுவரை நன்றாக இருந்த ரோஜாச் செடி இன்று இலையெல்லாம் கொட்டி நிற்கிறதே, என்ன செய்வது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

இது பெரும்பாலும் அடிச்சாம்பல் நோய். டவுனி மில்டியூ என்பார்கள். பெயரில் சாம்பல் இருப்பதால் சாதாரணச் சாம்பல் நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். சாம்பல் நோய் வந்தால் இலையின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். அடிச்சாம்பல் அப்படி இல்லை. இளம் இலையின் மேற்புறத்தில் ஊதா கலந்த செம்பழுப்புத் திட்டுகள், நரம்புகளுக்கு இடையில் கட்டம் கட்டினாற்போல் விழும். ஈரமான காலை வேளையில் இலையைத் திருப்பினால் அடியில் மெல்லிய சாம்பல் நிறப் படிவு தெரியும். அதற்குச் சில நேரம் லென்ஸ் வேண்டும். தண்டிலும் ஊதாத் திட்டு வரும். பிறகு லேசாகத் தொட்டாலே இலை உதிரும்.

போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒருவன் பாகலூர்ப் பக்கம் வங்கிக் கடன் வாங்கிப் பசுமைக்குடில் போட்டு ரோஜா வளர்க்கிறான். பிப்ரவரி 14க்குப் போகும் பூவை நம்பித்தான் அவனுடைய தவணை. ஒரு வாரம் வெயிலே இல்லாமல் மூட்டம் போட்டது. செடி மொட்டையாகத் தொடங்கியது. கடையில் கொடுத்த மருந்தை இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை. பாக்கெட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். கார்பென்டாசிம். நல்ல மருந்துதான், ஆனால் இந்த நோய்க்கு அது கேட்காது.

ஏன் கேட்காது? பார்க்கப் பூஞ்சைபோல் இருந்தாலும் இந்தக் கிருமி உண்மையான பூஞ்சை அல்ல. ஊமைசீட் என்ற தனிப் பிரிவு. கடலில் உள்ள பழுப்புப் பாசிகளுக்குத்தான் இது நெருங்கிய சொந்தம். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும், இதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கும். அதனால் பூஞ்சைக்கான மருந்துகளில் பல இதனிடம் பலிப்பதில்லை.

தோட்டக்கலை அலுவலர் நேரில் வந்து பார்த்து மெட்டலாக்சிலும் மேங்கோசெபும் சேர்ந்த மருந்தைச் சொன்னார். பாதித்த கிளைகளை வெட்டி, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளி, காலையில் பக்கத்துத் திரைகளைச் சுருட்டிக் காற்று விட்டான். அந்த பிப்ரவரிப் பூவில் பெரும்பகுதி போய்விட்டது. ஆனால் செடிகள் பிழைத்தன. வைகாசி முகூர்த்தப் பூவில் தவணையைக் கட்டினான். முதல் நாளே இலையைத் திருப்பிப் பார்த்திருந்தால் அந்தப் பத்து நாள் மிஞ்சியிருக்கும் என்று அவனே சொன்னான்.

இந்தக் கிருமிக்கு ஈரமும் குளிரும் வேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேலும், வெப்பம் 15 முதல் 20 டிகிரிக்குள்ளும் இருந்தால் கொண்டாட்டம். இலைமேல் நாலு மணி நேரம் தண்ணீர் நின்றாலே வித்து முளைத்துவிடும். 27 டிகிரியைத் தாண்டினால் அடங்கும். ஆகவே சென்னையில் மொட்டைமாடியில் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அங்கே இலை உதிர்ந்தால் கரும்புள்ளியா, சிலந்திப்பேனா என்று முதலில் பாருங்கள்.

வராமல் தடுக்க:

1. தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், அதுவும் காலையில். சாயங்காலம் இலைமேல் தெளிக்கவே கூடாது.

2. தொட்டிகளை நெருக்கி வைக்காதீர்கள். உள்கிளைகளைக் கவாத்து செய்து காற்றோட்டம் கொடுங்கள்.

3. உதிர்ந்த இலையை அன்றன்றே அள்ளுங்கள். எருக்குழியில் போடாதீர்கள்.

4. நோய் வந்த செடியிலிருந்து பதியனுக்குக் குச்சி எடுக்காதீர்கள். தண்டுக்குள்ளேயே கிருமி இருக்கும். புதுச் செடியை இரண்டு வாரம் தனியாக வையுங்கள்.

5. மூட்டம் வரும் முன்பே தாமிர மருந்து அடிப்பது நல்லது. குளிரில் அது இளந்தளிரைக் கருக்கலாம், ஒரு செடியில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

6. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் கிருமிக்குப் பழகிவிடும். மாற்றி மாற்றி அடியுங்கள்.

தாமிர மருந்து என்றதும் ஒரு கதை. பிரான்சில் போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையைத் திருடாமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடிமேல் தெளித்து வைப்பார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் குறைவாக இருப்பதை மில்லார்டே என்ற பேராசிரியர் கவனித்தார். 1885ல் போர்டோ கலவையை உலகுக்குச் சொன்னார். எல்லாரும் பார்த்த கொடிதான், கவனித்தவர் அவர்.

இன்னொன்று. ரோஜாவில் வரும் கிருமி மல்லிகைக்கோ காசித்தும்பைக்கோ தாவாது. பக்கத்துச் செடிகளைப் பிடுங்கி எறிய வேண்டாம்.

மருந்து அடிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மருந்து அடித்த பூவைக் குல்கந்துக்கு எடுக்கவே கூடாது. அளவு அட்டையில் போட்டிருக்கும், "கூடப் போட்டால் சீக்கிரம் கேட்கும்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

ரோஜா வளர்க்கும் உங்கள் நண்பர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்