"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

கல்லூரியில் சாதிப் புகார் கொடுத்தால் விசாரணைக் குழு முதலில் கேட்பது என்ன நடந்தது என்று அல்ல, "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்றுதான். அடுத்து, "போன வாரம் வேறு மாதிரி சொன்னாயே?" பிறகு, "அன்று நீயும் சேர்ந்துதானே சிரித்தாய்?" புகார் கொடுத்த தோழர்களுக்குத் துணையாகப் போன நாங்கள் இந்த மூன்றையும் மனப்பாடம் ஆகும் அளவுக்குக் கேட்டுவிட்டோம். இவற்றுக்குப் பதிலாகத்தான் எங்கள் வாசிப்பு வட்டம் நான்கு நிமிட அனிமேஷன் படம் ஒன்றைச் செய்தது.

கதை சின்னது. விடுதிக்குப் புதிதாக வந்த மாணவரிடம் மெஸ் மேசையில் ஒருவர் கேட்கிறார்: "கட்-ஆஃப் எவ்வளவு?" அந்தக் கேள்வி மதிப்பெண்ணைத் தெரிந்துகொள்ளக் கேட்கப்படுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அங்கே காட்சி நின்று, படம் அவர் உடலுக்குள் போகிறது. மூளையில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா ஆபத்து மணி அடிக்கிறது. அட்ரினலின் பாய்கிறது, நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது. நிதானமாக யோசிக்க உதவும் முன்மூளையின் பிடி தளர்கிறது. அப்போது உடல் எதிர்க்கலாம், ஓடலாம், உறைந்துபோகலாம், அல்லது கூடவே சிரித்துச் சமாளிக்கலாம். யாரும் யோசித்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில்லை. 'கோட்டா' ஜோக்குக்குச் சிரித்த மாணவர் அதை ஏற்றுக்கொண்டார் என்று பொருளில்லை. அந்த நேரத்து நினைவும் வரிசையாகப் பதிவதில்லை. சாம்பார் வாளி இழுபட்ட சத்தம் துல்லியமாக நினைவிருக்கும்; யார் முதலில் பேசினார் என்பது கலங்கியிருக்கும். அதை வைத்துத்தான் "மாற்றிச் சொல்கிறான்" என்று கோப்பில் எழுதுகிறார்கள்.

நாடகம் போடலாம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் எங்களில் யார் நடித்தாலும் அதை மறுபடி அனுபவிக்க வேண்டிவரும். பார்ப்பவர்களும் "இது அவன் கதைதானே" என்று ஆளைத் தேடுவார்கள். கோட்டோவியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. நிறத்தில்தான் நீண்ட சண்டை. தலித் என்றால் கறுப்பாகக் காட்டும் சினிமா வழக்கம் நமக்கு வேண்டாம் என்று முடிவாகி, எல்லோரையும் வெறும் பென்சில் கோடாக விட்டோம். மெஸ் தட்டுக்கு மட்டும் நீலம்.

'ட்ராமா'வுக்குச் சொல் தேடி மனவடு, பேரதிர்ச்சி என்று அலைந்தோம். ஒரு தோழரின் அம்மா படத்தை போனில் பார்த்துவிட்டு, "கை கால் வெலவெலத்து வாயடைச்சுப் போறதத்தானே சொல்றீங்க?" என்றார். பின்னணிக் குரலில் அதையே வைத்தோம்.

விடுதியின் டிவி அறையில் திரையிட்டபோது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர், தானும் எத்தனையோ பேரிடம் கட்-ஆஃப் கேட்டிருப்பதாகச் சொன்னார். எதற்குக் கேட்டார் என்று நாங்கள் கேட்டோம். பதில் வரவில்லை. ஒரு பேராசிரியர், "அப்படியானால் இவர்களைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பலாமே" என்றார். எங்களுக்கு இருந்த பயமே இதுதான். கவுன்சிலிங் வேண்டாம் என்று சொல்லவில்லை, பல தோழர்களுக்கு அது தேவை. ஆனால் அடித்தவனை விட்டுவிட்டு அடிபட்டவரை மட்டும் நோயாளியாக்கினால், படம் நிர்வாகத்துக்குத்தான் உதவும். முடிந்துபோன ஒரு விபத்தின் வடு அல்ல இது. நாளைக் காலையும் அதே மெஸ்ஸுக்குத்தான் போக வேண்டும்.

எய்ம்ஸ் பற்றிய தோரட் குழு 2007-லேயே விடுதி ஒதுக்கலை எழுதிவைத்தது. ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது, விடுதியிலிருந்து அவர் ஏன் வெளியேற்றப்பட்டார் என்பதைவிட அவர் தலித்தா இல்லையா என்பதைத்தான் அதிகம் ஆராய்ந்தார்கள். 2019-ல் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வி. அந்த ஆண்டே இருவரின் அம்மாக்களும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள்.

அதனால் படத்தின் கடைசி முப்பது நொடியில் மூளை இல்லை. யுஜிசியின் 2012 விதிமுறைப்படி சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும் என்று வருகிறது. அலுவலரின் பெயர் வர வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி. எங்கள் வளாகத்தில் அது யார் என்று அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை, அந்தப் பேராசிரியர் உட்பட. மறுநாள் பெயர் கேட்டு மனு கொடுத்தோம்.

அடுத்த படம் அதே மேசையில் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்ற ஐந்து பேரைப் பற்றியது. வரையத் தெரிந்த தோழர்கள் வாருங்கள். கணினி எல்லாம் வேண்டாம், போனிலேயே செய்கிறோம்.