அட்வான்ஸில் பிடித்த பதினெட்டாயிரம்

எங்கள் ஃபிளாட்டில் குடியிருந்துவிட்டுப் போன ஒரு குடும்பத்துக்கு நான் 18,000 ரூபாய் தர வேண்டும். அவர்கள் கேட்டு நச்சரிக்கவில்லை, வழக்குப் போடவில்லை. ஆனாலும் அது அவர்கள் பணம். அது எப்படி என்னிடம் தங்கியது என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

2014-இல் மேடவாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று வாங்கினேன். 900 சதுர அடி, விலை 38 லட்சம். பத்திரச் செலவு, கப்போர்டு, கிரில் எல்லாம் சேர்ந்து 42 லட்சத்தில் வந்து நின்றது. அதில் 30 லட்சம் வங்கிக் கடன். பத்து சதவீத வட்டி, 20 வருஷம், மாதத் தவணை 28,951 ரூபாய். மீதிக்கு அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணமும் என் மனைவியின் நகையும் போயின. கொஞ்ச காலம் நாங்கள் இருப்பது, பிறகு வாடகைக்கு விடுவது, அந்த வாடகையிலேயே கடனை அடைப்பது என்று திட்டம். “நம்ம கையிலிருந்து ஒண்ணும் போகாதுப்பா, குடிவர்றவங்களே கட்டிடுவாங்க” என்று அப்பாவிடம் சொல்லித்தான் பணத்தை வாங்கினேன்.

அன்றைக்கு அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகை 12,000. அதே பகுதியில் வாடகைக்கு இருந்த எனக்கு அது நன்றாகத் தெரியும். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 25,000 ரூபாய். அசலில் கழிந்தது 3,951. வாடகை முழுவதையும் போட்டாலும் வட்டியில் பாதிகூடத் தேறாது. வருஷ வாடகை 1,44,000 என்பது போட்ட 42 லட்சத்துக்கு மூன்றரை சதவீதம்கூட வராது. கடனுக்கு நான் கொடுத்ததோ பத்து. ஒரு தாளில் நாலு வரி எழுதிப் பார்த்திருந்தால் போதும். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். எழுதினால் ஆசைப்பட்ட வீடு கைவிட்டுப் போகும் என்று எழுதாமல் இருந்தேன். விலை ஏறும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். ஏறுவது மனைக்குத்தான், ஃபிளாட்டில் நமக்கு வருவது மனையில் பிரிக்கப்படாத பாகம் கொஞ்சம், மீதி வருஷத்துக்கு வருஷம் பழசாகிற கட்டடம். இதையும் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

2016-இல் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்தது. வீட்டை 12,000 ரூபாய் வாடகைக்கு விட்டேன். சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ், 1,20,000. கோவையில் நாங்கள் பிடித்த வீட்டுக்கு அட்வான்ஸ், லாரி வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று அந்தப் பணம் அந்த மாதமே கரைந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டிய பணம் அது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. மாதாமாதம் 17,000 ரூபாய் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டிருந்தது. அசோசியேஷன் மெயின்டனன்ஸ் தனி. வருமான வரியில் கிடைத்த சலுகையைக் கழித்தாலும் துண்டு விழுந்தது. அந்தத் துண்டைக் குடியிருப்பவர்களிடமிருந்தே ஈடுகட்டப் பார்த்தேன். என் குற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த மழைக்காலத்தில் குடியிருந்த வீட்டு அம்மா போன் செய்தார். “சார், மேல் வீட்டு பாத்ரூம்லேருந்து தண்ணி ஊறுது சார். பெட்ரூம் சுவரெல்லாம் ஈரம்.” பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை. மேல் வீட்டுக்காரருடன் பேசி, டைல்ஸை உடைத்து, குழாயை மாற்றினால் என் பங்குக்கு எவ்வளவு வரும் என்பதுதான் மனதில் ஓடியது. மறுபடி கூப்பிட்டார். கூட்டத்தில் இருக்கிறேன் என்றேன். அவருடைய கணவர் கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை. அந்த ஜனவரியில் வாடகையை 1,000 ரூபாய் ஏற்ற மட்டும் நானே கூப்பிட்டேன். “சரிங்க சார், அந்தச் சுவரு மட்டும்...” என்று அவர் தயங்கினார். அதற்கும் சரி என்றேன்.

2018-இல் அவர்கள் காலி செய்த அன்று போய்ப் பார்த்தேன். படுக்கையறைச் சுவரில் மேலிருந்து இடுப்பளவு வரை சுண்ணாம்பு உப்பிப் பொருக்குப் பொருக்காக நின்றது. தொட்டால் உதிர்ந்தது. அலமாரியின் உள்பக்கம் பூஞ்சை படியாமல் இருக்க உரச்சாக்கைப் பிரித்து ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். கட்டில் கூடத்துக்கு வந்திருந்ததன் அடையாளம் தரையில் தெரிந்தது. ஒரு குடும்பம் முழு வாடகை கொடுத்துக்கொண்டே ஓர் அறையைக் கைவிட்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் நான் செய்தது இது: பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை 13,000, ஆணி ஓட்டைக்கும் குழாய்க்கும் 5,000 என்று அட்வான்ஸில் பிடித்தேன். மிச்சத்தையும் உடனே கொடுக்கவில்லை, கொடுக்க என்னிடம் இல்லை. அடுத்த குடித்தனம் வந்து அட்வான்ஸ் தந்த பிறகுதான் அனுப்பினேன். அதுவரை அவர்கள் புதுவீட்டு அட்வான்ஸுக்கு எங்கே புரட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை.

“பெயின்டிங் பிடிக்கிறது வழக்கம்தானே” என்று அன்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் சுவரை ஒருமுறை பார்த்தார். “சரிங்க சார்” என்றார்.

2019 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும், ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. பழுதுபார்ப்பில் யாருக்கு எது என்று ஒரு பட்டியலும் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்பட்டால் குழாய் மாற்றுவது மூன்றும் வீட்டுக்காரர் பொறுப்பு. நான் பிடித்தது அந்தச் சட்டம் வருவதற்கு முந்தி என்பதில் எனக்கு எந்த ஆறுதலும் இல்லை. ஈரம் அவர்களால் வரவில்லை என்று தெரிந்துகொள்ளச் சட்டம் தேவையில்லை.

அந்தச் சட்டத்தைப் படித்த பிறகு அந்தக் குடும்பத்தின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். வேறு யாரோ எடுத்தார்கள். பழைய வாட்ச்மேனிடம் கேட்டுவைத்திருக்கிறேன். 18,000 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்; கிடைத்தால் கொடுத்துவிடுவேன். மழைக்காலத்தில் அந்த அறையில் தூங்க முடியாமல் போன ராத்திரிகளை எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியாது.

முதல் வீட்டை வாங்கி, பின்னால் வாடகைக்கு விடலாம் என்று நினைக்கிறவர்கள் வாங்கும் முன்பே வட்டியையும் வாடகையையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பற்றாக்குறை எவ்வளவு என்று தெரிந்து, அதை உங்கள் சம்பளத்திலிருந்து கடைசிவரை கட்ட முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். அட்வான்ஸை வாங்கிய அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள். சுவர் ஊறுகிறது என்று போன் வந்தால் அந்த வாரமே போய்ப் பாருங்கள்.