தலை சாய்த்த சாமி ஊரில்...

நக்கல் அடிக்கிறதுக்கு நம்ம தமிழில் எத்தனை வார்த்தை இருக்கு என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கேலி, கிண்டல், நையாண்டி, குசும்பு, லொள்ளு, எகத்தாளம், ஓட்டுறது, வாருறது, கலாய்க்கிறது... கும்பகோணத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தவன், சோழபுரம் தாண்டுவதற்குள் பதினேழு எண்ணிவிட்டேன். நான் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்த பக்கத்து சீட் பெரியவர், "என்ன தம்பி, கடன் பாக்கியா?" என்றார். ஆக, பதினெட்டு!

வெள்ளைக்காரனும் இதில் சளைத்தவன் இல்லை. ஒருத்தனைக் கேலி செய்தால் 'டேக்கிங் தி மிக்கி' என்பான். பொம்மைக்குச் சாவி கொடுக்கிற மாதிரி ஒருத்தனை முறுக்கி விட்டு வேடிக்கை பார்த்தால் அது 'வைண்டிங் அப்'. நம்மூரில் உசுப்பேத்துறது. ஆனால் நாம் அவனுக்கு ரொம்ப சீனியர். சிரிப்பு பிறக்கிற இடங்கள் நான்கு என்று பட்டியல் போட்ட தொல்காப்பியர், எள்ளலைத்தான் முதலில் வைத்தார். இளமை, பேதைமை, மடன் எல்லாம் அப்புறம்தான்.

அதிலும் இந்தக் காவிரிச் சீமை இருக்கிறதே... கரகாட்டத்துக்கு வாசிக்கிற மேளத்துக்கே நையாண்டி மேளம் என்றுதான் பேர். காளமேகப் புலவர் நாகப்பட்டினம் காத்தான் சத்திரத்தில் சோறு வரத் தாமதமானது என்று வெண்பாவிலேயே வாரினாராம். சத்திரக்காரர் முகம் வாடியதும், அதே பாட்டுக்குப் புகழ்ச்சியாக இன்னொரு அர்த்தம் சொல்லி அவரைச் சிரிக்க வைத்தாராம். அந்த இரண்டாவது பாதியைத்தான் நான் படிக்காமல் விட்டுவிட்டேன்.

நான் திருப்பனந்தாளுக்குப் போனது என் நண்பன் கல்யாணத்துக்கு. ஆறு வருஷம் முன்னால் சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் இரண்டு பேரும் ஒன்றாகக் குப்பை கொட்டினோம். ஒருநாள் புதுச் சட்டை போட்டு வந்தான். முதுகில் விலை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ரூபாய் 299. அதோடு பெரிய கிளையண்ட் முன்னால் எழுந்து நின்று கணக்கு விளக்கினான். ரூம் முழுக்க கிசுகிசுச் சிரிப்பு. அன்றிலிருந்து அவன் பேர் போச்சு. ஆபீசில் எல்லோருக்கும் அவன் 'இருநூத்தித் தொண்ணூத்தொம்பது'தான். பேர் வைத்த புண்ணியவான் அடியேன்.

மாப்பிள்ளை அழைப்பு. பெண் வீட்டார் எதிரில் பட்டு வேட்டியோடு நிற்கிறான். பழக்க தோஷம், வாய் சும்மா இருக்குமா? "டேய் இருநூத்தித் தொண்ணூத்தொம்பது!" என்று கத்திவிட்டேன். பெண்ணின் மாமா திரும்பிப் பார்த்து, "அது என்ன தம்பி நம்பர்?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவன்தான் சிரித்தபடி, "ஆபீஸ்ல எங்க ரெண்டு பேர் பைல் நம்பர் மாமா" என்றான். அவன் மானத்தோடு சேர்த்து என் மானத்தையும் காப்பாற்றிவிட்டான். அன்று ராத்திரி பாயாசம் இனிக்கவே இல்லை.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து கொஞ்சம் ஊர் சுற்றினேன். குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் காசியில் தொடங்கிய மடத்தின் வழி வந்த காசித் திருமடம் இந்த ஊரில்தான் இருக்கிறது. அப்படியே செஞ்சடையப்பர் கோயிலுக்கும் போனேன். பனைமரம்தான் தல விருட்சம். சம்பந்தர் பாடிய தலம். குருக்கள் கதை சொன்னார்.

தாடகை என்று ஒருத்தி. ராமாயணத் தாடகை வேறு, இவள் வேறு. தினமும் சாமிக்கு மாலை சாத்துவாள். ஒருநாள் மாலையைத் தூக்கும்போது சேலை நழுவியது. முழங்கையால் இடுக்கிக்கொண்டு தவித்தாள். மாலையைப் போடவும் முடியவில்லை, கீழே வைக்கவும் மனசில்லை. சாமி என்ன செய்தார்? தலையைச் சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டார். சாய்ந்த லிங்கம் சாய்ந்தபடியே இருந்தது. ராஜா யானை கட்டி இழுத்தும் நிமிரவில்லை. கடைசியில் குங்குலியக்கலய நாயனார் தன் கழுத்தில் கயிற்றைக் கட்டி இழுத்த பிறகுதான் நிமிர்ந்ததாம்.

குருக்கள் தீபாராதனை காட்டினார். எனக்குக் கண் நிமிரவில்லை. ஒருத்தி மானம் போகக்கூடாது என்று சாமியே குனிகிற ஊர் இது. நான்?

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ஸ்டிக்கரை நான் காலை பத்து மணிக்கே பார்த்துவிட்டேன். கையை நீட்டினால் எட்டுகிற தூரம். ஒரு வினாடி வேலை. மத்தியானம் கிளையண்ட் வரட்டும், வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் விட்டுவைத்தேன். இதற்கு என்ன பேர் சார்? என்னுடைய பதினெட்டு வார்த்தையில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

சாயங்காலம் புது மாப்பிள்ளையே பஸ் ஸ்டாண்டு வரை வந்தான். அங்கே எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டேன். பத்து மணி விஷயத்தையும்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"தெரியும்டா. அன்னிக்கு நீ என் முதுகைப் பார்த்துச் சிரிச்சதை ஜன்னல் கண்ணாடியில பார்த்தேன். எதுக்குன்னுதான் அப்ப புரியலை" என்றான்.

பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவனை, "இருடா" என்று பிடித்து நிறுத்தி, என் சட்டை முதுகிலிருந்து எதையோ எடுத்தான். கல்யாண மாலையிலிருந்து உதிர்ந்து ஒட்டிக்கொண்ட ஒரு சம்பங்கி இதழ்.

பார்த்தவன் சிரிக்கவில்லை. சத்தம் போடாமல் கீழே போட்டுவிட்டு, "பார்த்துப் போ" என்றான்.