அரட்டைக்கு வந்துவிட்டேன்



ஆயுத பூஜை விடுமுறைக்கு பெங்களூரிலிருந்து வந்த பேரன் என் கைப்பேசியை வாங்கி ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கொடுத்து, "தாத்தா, இனிமே நீங்களும் அரட்டையில இருக்கீங்க" என்றான். சிரித்துவிட்டேன். 33 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தச் சொல் வேறு மாதிரிதான் காதில் விழுகிறது. "அரட்டை அடிக்காதே" என்று நான் கத்தாத நாள் உண்டா? நான் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் கரும்பலகை ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று லீடர் ஒரு பட்டியலே போட்டு வைத்திருப்பான். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள்தான் இன்று, "சார், அரட்டைக்கு வாங்க சார்" என்று கூப்பிடுகிறீர்கள்!

பலர் நினைப்பது போல இது நேற்று பிறந்த செயலி இல்லை. ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 2021 ஜனவரியிலேயே இதை வெளியிட்டுவிட்டது. வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றப் போவதாகச் சொல்லி எல்லோரும் பதறிய நேரம் அது. அதன்பிறகு இப்படி ஒன்று இருப்பதையே நாம் மறந்துபோனோம். 2025 செப்டம்பர் கடைசியில் திடீரென்று அலை அடித்தது. ஒரு நாளைக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில், மூன்றே நாளில் அது 3,50,000 ஆகிவிட்டது என்று வேம்பு எழுதினார். நூறு மடங்குக்கும் மேல். விகிதக் கணக்கு நடத்தியவன் என்பதால் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தேன். தென்காசிப் பக்கம் கிராமத்தில் அலுவலகம் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கும் நிறுவனம் என்பதால் எனக்கு முன்பே அவர்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எப்படி இருக்கிறது? வாட்ஸ்அப் தெரிந்தவர்களுக்குப் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. கூட்டம் நடத்த ஒரு பகுதி தனியாக இருக்கிறது. 'பாக்கெட்' என்று ஒன்று, நமக்கு நாமே குறிப்பு எழுதி வைத்துக்கொள்ள. மருந்துச் சீட்டு, கரண்ட் பில் எல்லாம் அதில் போட்டுவிட்டேன். பேசும் அழைப்புகளுக்கு முழுப் பாதுகாப்புப் பூட்டு இருக்கிறது. எழுதும் செய்திகளுக்கு அந்த 2025 அலையின்போது அது வந்திருக்கவில்லை, கொண்டுவருவோம் என்றார்கள். வங்கிக் கணக்கு விவரமெல்லாம் இதில் எழுதாதீர்கள். வாத்தியார் புத்தி, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்குப் பிடித்தது அமைதி. காலை வணக்கப் பூப்படங்கள் இன்னும் இங்கே குடிவரவில்லை. புதுமனை புகுவிழா முடிந்து சொந்தக்காரர்கள் போனபிறகு வீடு இருக்குமே, அப்படி. இது எத்தனை நாளைக்கோ! ஆர்க்குட்டில் மகன் எனக்குக் கணக்கு திறந்து கொடுத்தான், 2014-இல் அதை மூடினார்கள். பெங்களூர்க்காரர்களின் 'கூ' 2024-இல் மூடியது. கடை திறக்கும் நாள் கூட்டத்தை வைத்து வியாபாரத்தைச் சொல்ல முடியாது.

வடக்கே சிலருக்கு 'அரட்டை' என்ற பெயர் வாயில் நுழையவில்லையாம், மாற்றச் சொல்கிறார்களாம். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒரு விஷயம் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

மாரண்டஅள்ளிப் பக்கம் நான் வேலை பார்த்தபோது, 1991-இல் ஏழாம் வகுப்பு படித்த பிள்ளைகள் அரட்டையில் ஒரு குழு தொடங்கி என்னையும் சேர்த்தார்கள். முதல் நாளே பழைய 'பேசியவர்கள்' பட்டியலை வைத்து ஒரே கேலி. அதில் ஒருவன், தினமும் முதல் பெயராக இருந்தவன், இப்போது ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். அவன் ஒரு குரல் செய்தி அனுப்பினான். "சார், தப்பா நினைக்காதீங்க. நான் அன்னைக்கு அரட்டை அடிக்கல சார். நீங்க நடத்துற கணக்கைப் பக்கத்துல இருந்தவனுக்குத் தெலுங்குல சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் அதை நாலைந்து முறை கேட்டேன்.

அந்தப் பக்கம் எத்தனை வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? டீக்கடையில் தினமும் கேட்டவன்தானே நான். ஆனால் வகுப்புக்குள் போனால் மறந்துவிடும். பக்கத்தில் இருந்த அந்தப் பையனுக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வரும். 'ஒருவர் ஒரு பொருளை வாங்கி விற்றதில்' என்று ஆரம்பிக்கும் லாப நட்டக் கணக்கில்தான் நின்றுவிடுவான். கணக்கு என்ன கேட்கிறது என்பதே அவனுக்குப் புரியவில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் கவனம் இல்லாதவன் என்று நினைத்தேன். இருவரையும் வெயிலில் முட்டி போட வைத்தேன். அதற்கும் அடங்கவில்லை என்று பிரித்து, அவனை முன் பெஞ்சில் என் கண்ணெதிரே உட்கார வைத்தேன். நல்லது செய்ததாகவே நினைப்பு. வகுப்பு அமைதியானது. அரையாண்டுத் தேர்வுக்கு அவன் வரவில்லை. பொங்கலுக்குப் பிறகும் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையில் அடித்தது நான்தான்.

வீட்டில் கஷ்டம், மாடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள் என்று அப்போது சொன்னார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். அதை மட்டும் காரணமாக வைத்து இத்தனை வருடம் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

குழுவில் இருக்கும் 19 பேரில் யாரிடமும் அவன் எண் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கல் உடைக்கும் வேலைக்குப் போனதாக ஒருத்தி சொன்னாள். பெங்களூரில் கட்டட மேஸ்திரி என்று இன்னொருவன். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்த வகுப்பில் படித்தவர்களுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். அவன் இருக்கும் இடம் தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், எந்தச் செயலியில் என்றாலும் சரி. அவனிடம் கைப்பேசி இல்லையென்றாலும் பரவாயில்லை, ஊர் பெயர் போதும், பஸ் ஏறிப் போய்விடுவேன்.

என் தெலுங்கு இப்போதும் சுமார்தான். ஓசூர்க்காரன் கூட வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.